ஏடுகாத்தார் வீட்டு பேஸ்மென்ட்

அவருடைய பெயர் எனக்குத் தெரியாது. ஆறு வருஷம் பழகியிருக்கிறேன். அவர் வீட்டு ஃப்ரிட்ஜில் தயிர் எந்தத் தட்டில் இருக்கும், வத்தக்குழம்பு எதற்குப் பின்னால் ஒளிந்திருக்கும் என்பதெல்லாம் அத்துப்படி. பெயர் மட்டும் தெரியாது. வாசலில் இருந்த தபால் பெட்டியிலும் போன் புத்தகத்திலும் தமிழ்ச் சங்கத்து விலாசப் பட்டியலிலும் அவர் ஒரே மாதிரிதான் இருந்தார்: ஏடுகாத்தார். முன்னால் ஒற்றை எழுத்து ஒன்று நின்றது. அதற்கு விரிவு கேட்டால், "அது எதுக்கு உனக்கு? பேரு எல்லாருக்கும்தான் இருக்கு. வீட்டுப் பேரு எத்தனை பேருக்கு இருக்கு?" என்பார்.

நான் கல்யாணமாகி நியூ ஜெர்சியில் ஈஸ்ட் பிரன்ஸ்விக்குக்கு வந்தது 1984-ல். இருபத்து மூன்று வயது. வீட்டுக்காரர் காலையில் வேலைக்குப் போய்விட்டால் மாலை வரை நானும் ஹீட்டரும்தான். கார் ஓட்டத் தெரியாது. பேச ஆளில்லாமல் சமையலறை நாள்காட்டியை முன்னும் பின்னுமாகப் படித்துக்கொண்டிருந்த என்னை முதலில் வந்து பார்த்தவர் ஏடுகாத்தார் ஆன்ட்டிதான். இரண்டு தெரு தள்ளிச் சொந்த வீடு. நாற்பத்தைந்து வயது இருக்கும். பருத்திப் புடவை, அதன் மேல் ஆண்கள் போடும் கம்பளிக் கோட்டு, காலில் ஸ்னீக்கர். உள்ளே வந்து உட்கார்ந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "உன் லாஸ்ட் நேம் என்ன?"

"ஆறுமுகம், ஆன்ட்டி."

"யாரு அது?"

"மாமனார்."

"அதானே பார்த்தேன். உன் பேரும் இல்லை, உங்கப்பா பேரும் இல்லை, கட்டினவன் பேரும் இல்லை. ஊர்ல இருக்கற மனுஷர் பேரைத் தூக்கிக்கிட்டு அமெரிக்கா வந்திருக்கே. பாவம்."

அவர் பாவப்பட்டதில் எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனால் அவர் கொண்டு வந்திருந்த எலுமிச்சை ஊறுகாய் நன்றாக இருந்தது.

ஆன்ட்டியின் வீட்டுக்காரர் நெல்லூர்க்காரர், மருந்துக் கம்பெனியில் கெமிஸ்ட். தெலுங்கர்களுக்கு வீட்டுப் பெயர் வழிவழியாக வரும். கல்யாணமான புதிதில் அவர் அதைப் பற்றிக் கொஞ்சம் பெருமையாகப் பேசியிருக்கிறார். அதோடு தொலைந்தார். "உங்களுக்கு மட்டும்தான் வீட்டுப் பேரா? எங்க வீட்டுக்கும் இருக்கு" என்று ஆன்ட்டி தன் பிறந்த வீட்டுப் பெயரை எடுத்துப் பாஸ்போர்ட்டில் ஏற்றிவிட்டார். காலப்போக்கில் சங்கத்து ஆட்கள் அவரையே 'மிஸ்டர் ஏடுகாத்தார்' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். மனுஷர் அதற்கும் திரும்பிப் பார்ப்பார்.

பெயரின் அர்த்தம் இதுதான். தஞ்சாவூர்ப் பக்கம் ஓர் அரண்மனை. அரண்மனைக்குள் ராஜா காலத்து ஏட்டுச்சாலை. அறை அறையாக ஓலைச்சுவடிகள். அவற்றைத் தலைமுறை தலைமுறையாகக் காத்த குடும்பம் ஏடுகாத்தார் வீடு. இதைத் தெரிந்துகொள்ளாமல் நியூ ஜெர்சியில் ஒருவரும் தப்பியதில்லை. மின்சாரக் கம்பெனியிலிருந்து போன் வந்தால்கூட, "ஈ ஃபார் எலிஃபன்ட், டி ஃபார் டாங்க்கி, யூ ஃபார் அம்ப்ரெல்லா" என்று பதினோரு எழுத்தையும் நிதானமாகச் சொல்வார். ஒருவழியாக முடிந்தது என்று மறுமுனை மூச்சு விடும்போது அர்த்தம் ஆரம்பமாகும். பீட்சா கொண்டு வருகிற பையன் டப்பா மேல் 'எட்' என்று மட்டும் எழுதிக்கொண்டு வருவான். ஆன்ட்டி அவனை வாசலிலேயே நிற்க வைத்துப் பேனா வாங்கி மிச்ச ஒன்பது எழுத்தையும் எழுதிக் கொடுத்து, அரண்மனையையும் சுற்றிக்காட்டி அனுப்புவார். அந்த வீட்டில் நான் சூடான பீட்சா தின்றதே இல்லை.

அடுத்த வருஷம் என் மாமியார் வந்தபோது பல்வலி. ஆன்ட்டிதான் காரில் பல் டாக்டரிடம் கூட்டிப்போனார். கவுன்ட்டரில் இருந்த பெண் என்னை விட்டுவிட்டு மாமியாரையே பார்த்து, லாஸ்ட் நேம் என்ன என்றாள். அந்தக் கேள்வி மாமியாருக்குப் புரிந்துவிட்டது. அதுதான் வினை. நாற்பது வருஷமாகப் புருஷன் பெயரை வாயால் சொல்லாதவர் அங்கே மட்டும் சொல்வாரா? ஒரு கை விரலை விரித்து, இன்னொரு கையில் ஒரு விரலைச் சேர்த்து ஆறு காட்டினார். பிறகு முகத்தைத் தொட்டுக் காட்டினார். அந்தப் பெண் பதறிப்போய், முகத்தில் ஆறு இடத்தில் வலியாம் என்று உள்ளே போய்ச் சொல்லிவிட்டாள். ஆறு எக்ஸ்ரே எடுத்தார்கள்.

திரும்பி வரும்போது ஆன்ட்டி ஸ்டியரிங்கைத் தட்டித் தட்டிச் சிரித்தார். "இதுக்குத்தான் சொல்றேன். வீட்டுப் பேருன்னு ஒண்ணு வேணும். எங்க பேரைச் சொல்றதுக்கு யாரும் வெக்கப்பட வேண்டாம்."

"நீ கம்முனு ரோட்டைப் பாத்து ஓட்டும்மா" என்றார் மாமியார், ஒரு பக்கம் மரத்துப்போன வாயோடு.

இப்போது பேஸ்மென்ட். அந்த நாளில் எங்கள் வட்டாரத்தில் தமிழ் படிக்க வேண்டுமென்றால் ஒரே இடம் அதுதான். ஆன்ட்டியின் அம்மா, வாராவாரம் பத்திரிகையில் வரும் தொடர்கதைகளைக் கிழித்துச் சேர்த்து, ஊசிநூலால் தைத்து, பழைய புடவைத் துணியில் சுற்றிக் கட்டி வைத்திருந்தார். அம்மா காலமானதும் இரண்டு டிரங்குப் பெட்டியில் கப்பலேறி வந்தவை அவை. முந்நூறு கட்டு இருக்கும். இரும்பு அலமாரிகளில் வசம்புத் துண்டுகளோடு அடுக்கியிருப்பார்.

வீடியோ கேசட்டை யார் கேட்டாலும் தூக்கிக் கொடுத்துவிடுவார். திரும்ப வந்ததா என்றுகூடப் பார்க்க மாட்டார். ஏடு மட்டும் படி தாண்டக் கூடாது. அங்கேயே உட்கார்ந்து படிக்க வேண்டும். படிப்பதற்கு முன் கை கழுவ வேண்டும். நடுவில் காபி வேண்டுமென்றால் மாடிக்கு வந்து குடித்துவிட்டு மறுபடி கை கழுவிக்கொண்டு இறங்க வேண்டும். எச்சில் தொட்டுப் பக்கம் திருப்பியதற்காகச் சங்கத்துப் பொருளாளர் பாலு அங்கிள் ஒரு மாதம் தள்ளி வைக்கப்பட்டிருந்தார். நான் எட்டு மாதக் கர்ப்பத்தில், படியிறங்க முடியவில்லை, ஒரே ஒரு கட்டை வீட்டுக்குத் தாருங்கள் என்று கெஞ்சினேன். மறுநாள் இரண்டு பையன்களைப் பிடித்துச் சோபாவை பேஸ்மென்டில் இறக்கினார். ஏடு நகரவில்லை. நான்தான் பக்கவாட்டில் இறங்கினேன்.

கதையின் பெயரைச் சொல்லிக் கேட்டால் அவருக்குப் பிடிக்காது. "அந்த அரக்குக் கலரை எடு, எஸ்டேட் கதை. மாம்பழக் கலர் வேணாம், அழுவே" என்பார். துணியின் நிறம்தான் கணக்கு. அரண்மனையில் சுவடிகளைத் துணியில் கட்டிய வழக்கம் போலிருக்கிறது, ரத்தத்தில் ஊறியது என்று நாங்கள் பேசிக்கொள்வோம்.

இதற்கெல்லாம் கட்டணம் ஒன்று உண்டு. படித்து முடித்தவர் அந்தக் கதையைச் சொல்லிவிட்டுத்தான் படியேற வேண்டும். ஆன்ட்டி கடைசிப் படியில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டு வழியை மறித்து உட்கார்ந்திருப்பார். சும்மா மேலோட்டமாகச் சொன்னால் விட மாட்டார். "அப்ப அவ என்ன புடவை கட்டியிருந்தா?" "அந்த லெட்டரை யாரு பிரிச்சது?" பரீட்சைக்குப் போவது போல நாங்கள் பயந்து பயந்து படித்தோம். பாலு அங்கிள் எஸ்டேட் கதையை முடித்துவிட்டு, "கடைசில அந்தப் பொண்ணு செத்துப் போயிடறா" என்று சொன்னபோது ஆன்ட்டி கத்தியைக் கீழே வைத்தார்.

"சாகலை. நீ சரியாப் படிக்கலை. போய் மறுபடி படி."

அவர் போய்ப் படித்துவிட்டு வந்து மறுபடியும், "செத்துட்டா" என்றார். ஆன்ட்டி மறுபடியும் அனுப்பினார். மூன்றாவது தடவை பாலு அங்கிள், "பொழைச்சிட்டா ஆன்ட்டி, நல்லாவே பொழைச்சிட்டா" என்று சொல்லி வீட்டுக்குப் போனார். அவருக்குச் சினிமாவுக்கு நேரமாகியிருந்தது.

இந்த விதிகளைக் கண்டு சிரிக்காத ஒரே ஆள் யாழ்ப்பாணத்து டாக்டர் ஒருவர். ஞாயிற்றுக்கிழமைகளில் வருவார். ஒவ்வொரு தடவையும் முழங்கை வரை கழுவுவார். நாங்கள் ஒருநாள் கேலி செய்தபோது, "அவ செய்யிறது சரிதான். எங்கட ஊரிலயும் ஒரு நூலகம் இருந்தது. காக்க ஆள் இல்லாமல்தான் எரிஞ்சது" என்றார். அன்றைக்கு நாங்கள் எல்லாரும் வாயை மூடிக்கொண்டு படித்தோம்.

1986 கோடையில் ஒரு சனிக்கிழமை ஆன்ட்டியும் அங்கிளும் ஊரில் இல்லை, கோயிலுக்குப் போயிருந்தார்கள். இடி மழை. தெரு முழுக்க மின்சாரம் நின்றது. பேஸ்மென்டில் ஊறும் தண்ணீரை வெளியேற்றும் பம்ப்பும் நின்றது. ஞாயிற்றுக்கிழமை மதியம் அவர்கள் திரும்பியபோது கடைசி இரண்டு படி தண்ணீருக்குள். என் பிரசவச் சோபா மிதந்துகொண்டிருந்தது.

நாங்கள் எல்லாரும் ஓடினோம். எந்தக் கஷ்டத்திலும் ஏடு படி தாண்டக் கூடாது என்று ஆன்ட்டி அப்போதும் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. கட்டு கட்டாக எடுத்து எங்கள் கையில் கொடுத்தார். புல்வெளி முழுக்கப் பரப்பினோம். மேல் தட்டுகளில் இருந்தவை தப்பின. கீழே இருந்த நூறு கட்டுக்கு மேல் நனைந்து, நூல் இற்று, தாள் தாளாகப் பிரிந்துவிட்டன. அம்மா புடவைகளின் சாயம் எல்லாம் ஒன்றோடொன்று கலந்து, அத்தனை துணியும் ஒரே பழுப்பாகிவிட்டது. ஆன்ட்டி ஒரு துணியைக் கையில் வைத்துக்கொண்டு இது எந்தக் கலர், இது எந்தக் கலர் என்று வருகிறவரிடமெல்லாம் கேட்டார். அவர் அழுது அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"விடுங்க ஆன்ட்டி, ஆளுக்குப் பத்துக் கட்டு எடுத்துக்கிட்டுப் போறோம். வரிசைப்படுத்தித் தைச்சுக் கொண்டு வந்துடறோம்" என்றேன்.

"வேண்டாம்" என்றார் சட்டென்று. "நானே பார்த்துக்கறேன். யாரும் தொட வேண்டாம்."

மூன்று மாதம் பேஸ்மென்ட் பூட்டிக் கிடந்தது. நவம்பரில் திறந்தார். நனைந்த கட்டு எல்லாவற்றையும் புதுத் துணியில், புது நிறங்களில், அழகாகத் தைத்திருந்தார். முதலில் படித்தவர் டாக்டர்தான். ஒரு மணி நேரம் கழித்துக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு படியருகே வந்தார்.

"மூன்றாம் அத்தியாயத்தில ரயிலில மாட்டிக் கால் போனவர் எல்லோ? பிறகு எப்பிடி மாடியில ஏறி ஓடுறார்?"

"அது வேற ஆளா இருக்கும்" என்றார் ஆன்ட்டி. ஆனால் பீன்ஸ் நறுக்கும் கை நின்றுவிட்டது.

நான் படித்த கட்டில் ஒரு வக்கீல், ஒரே வாரத்தில் டாக்டராகி, தன் மாமியாருக்கே பிரசவம் பார்த்தார். பாலு அங்கிளின் கட்டில் கல்யாணப் பத்திரிகை கொடுக்கப் போனவர்கள் கருமாதியில் போய் நின்றார்கள். அவருக்கு அது பிடித்துப்போய்விட்டது, நவீனமான எழுத்து என்றார். தைத்ததில்தான் ஏதோ கோளாறு என்று டாக்டர் மட்டும் முணுமுணுத்துக்கொண்டே போனார். அடுத்த ஞாயிறு சங்கத்துக் கூட்டம் ஆன்ட்டி வீட்டில். தலைவர் வந்து கட்டுகளைச் சரிபார்த்து, வேண்டுமானால் நாலு பேரை வைத்து ஒழுங்குபடுத்தலாம் என்று பேச்சு கிளம்பியிருந்தது.

அன்றைக்கு எல்லாரும் போன பிறகு நான் மட்டும் பின்தங்கினேன். தாள்களைத் திருப்பிப் பார்த்தேன். படம் போட்ட தாளெல்லாம் ஓரளவு சரியாக இருந்தது. முகத்தை வைத்துச் சேர்த்திருக்கிறார். படமில்லாத தாள்கள்தான் ஊர்மேய்ந்திருந்தன. ஒன்று தலைகீழாகவே தைக்கப்பட்டிருந்தது.

"ஆன்ட்டி" என்று அந்தத் தாளை நீட்டினேன்.

அவர் அதை வாங்கி, இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, முன்னிருந்த மாதிரியே தலைகீழாகத் திருப்பித் தந்தார்.

"எனக்குப் படிக்க வராது" என்றார். "நாக்பூர்ல வளர்ந்தேன். அப்பாவுக்கு ரயில்வே. ஸ்கூல்ல ஹிந்தி, மராட்டி, இங்கிலீஷ். வீட்டுல பேச்சு மட்டும்தான் தமிழ். மத்தியானம் அம்மா வாசிப்பா, நான் மடியில படுத்துக்கிட்டுக் கேப்பேன். இந்தக் கதை பூரா அப்படிக் கேட்டதுதான்."

எனக்கு இரண்டு வருஷத்துக் கடைசிப் படி பரீட்சையெல்லாம் ஒரே நிமிஷத்தில் விளங்கியது. அவர் எங்களைச் சோதிக்கவே இல்லை. விட்டுப்போன மத்தியானங்களைக் கேட்டு வாங்கிக்கொண்டிருந்திருக்கிறார். அவரைப் பார்த்துப் பயந்ததற்கும் பின்னால் கேலி பேசியதற்கும் வெட்கமாக இருந்தது.

"சங்கத்துல சொல்லிடாதே. ஏடுகாத்தார்னு பேரை வச்சுக்கிட்டு எழுத்து தெரியாதுன்னா, எவன் மதிப்பான்? பீட்சாக்காரன் கூடச் சிரிப்பான்."

"சொல்லலை. ஆனா உங்க பரம்பரையில அத்தனை பேரும் பெரிய பண்டிதருங்கன்னு..."

"நான் எப்ப சொன்னேன்?" என்று நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். "காத்தாங்கன்னுதானே சொன்னேன்? அரண்மனைக் காலத்துல எங்க வீட்டுல ஒருத்தருக்கும் படிக்கத் தெரியாது. அதனாலதான் சாவியையே எங்ககிட்ட குடுத்தாங்க. படிச்சவன்னா நல்ல ஓலையாப் பார்த்து இடுப்புல சொருகிக்கிட்டுப் போயிடுவான். படிக்கத் தெரியாதவனுக்கு எல்லா ஓலையும் ஒண்ணுதான். எல்லாத்தையும் ஒரே மாதிரி காப்பான். ராஜா என்ன முட்டாளா?"

அன்றைக்கே தையலைப் பிரிக்க ஆரம்பித்தோம். ஒரு வாரம் நான் காலையில் குழந்தையோடு போய்விடுவேன். ஆன்ட்டி கதையை நினைவிலிருந்து சொல்வார், நான் தாளைத் தேடி எடுப்பேன். "இப்ப அவன் மதுரையில இறங்குவான், கையில பலாப்பழம் இருக்கும்" என்பார். மூன்று குவியல் தள்ளிப் பலாப்பழம் கிடைக்கும். ஒரு பக்கம்கூட அவர் தப்பாகச் சொல்லவில்லை. எந்த அத்தியாயம் எந்த வாக்கியத்தில் முடியும் என்பது வரைக்கும் காதில் வைத்திருந்தார். படிக்கத் தெரிந்த நாங்கள் யாரும் ஒரு கதையைக்கூட அப்படிக் காத்திருக்கவில்லை.

"அம்பது வயசாகலை உங்களுக்கு. நான் சொல்லித் தரேன், ரெண்டு மாசத்துல படிச்சுடலாம்" என்று நடுவில் ஒருநாள் சொல்லிப் பார்த்தேன்.

"படிக்கத் தெரிஞ்சுட்டா அப்புறம் நீங்கள்லாம் எனக்கு எதுக்குக் கதை சொல்லப் போறீங்க?" என்றார்.

எல்லாம் சேர்ந்துவிட்டது, எஸ்டேட் கதையின் கடைசி அத்தியாயம் தவிர. அது கூழாகிவிட்டிருந்தது. நான் அந்தக் கதையைப் படித்ததில்லை. ஆன்ட்டி சொல்லச் சொல்ல, கோடு போட்ட தாளில் எட்டுப் பக்கம் எழுதினேன். காய்ச்சலில் கிடந்த பெண் கண் விழித்து, கஞ்சி குடித்து, ஜன்னலைத் திறக்கச் சொல்கிறாள். அதோடு முடிகிறது.

"பாலு அங்கிள் செத்துட்டான்னாரே?"

"அவன் கிடக்கான். கண்ணாடி இல்லாம படிச்சான். நீ எழுது."

ஞாயிற்றுக்கிழமை சங்கத் தலைவர் வந்தார், கை கழுவினார், நாலு கட்டைப் புரட்டினார், ஒரு குறையும் கண்டுபிடிக்க முடியாமல் மாடிக்குப் போய் இரண்டு வடை சாப்பிட்டார். மொத்தத்தில் பாலு அங்கிளுக்கு மட்டும்தான் வருத்தம், கருமாதிக் கல்யாணம் போய்விட்டதே என்று.

நாங்கள் 1990-ல் டெக்சாஸுக்குப் போய்விட்டோம். அதற்குப் பிறகு ஒருமுறை சென்னையில் நடைபாதைக் கடையொன்றில் அந்த எஸ்டேட் கதை புத்தகமாகவே கிடைத்தது. நின்ற இடத்திலேயே கடைசி அத்தியாயத்தைப் புரட்டினேன். அவள் கண் விழிக்கவில்லை. கஞ்சி ஆறிப்போகிறது. ஜன்னல் மூடியே இருக்கிறது. பாலு அங்கிள் சரியாகத்தான் படித்திருக்கிறார், மூன்று தடவையும்.

புத்தகத்தோடு டெக்சாஸ் திரும்பியதும் ஆன்ட்டிக்குப் போன் செய்தேன். பழக்க தோஷம், எடுத்ததும் "ஈ ஃபார் எலிஃபன்ட்" என்று ஆரம்பித்தார். நிறுத்தி, விஷயத்தைச் சொன்னேன்.

"ஆன்ட்டி, அச்சுல அவ செத்துப் போறா."

"அம்மா எனக்கு வாசிச்சப்போ பொழைச்சாளே" என்றார். "எனக்கு அப்ப டைஃபாய்டு. படுத்த படுக்கையா இருந்தேன். அம்மா பக்கத்துல உக்காந்து அந்தக் கடைசி அத்தியாயத்தை வாசிச்சா. அவ கண்ணு முழிச்சா, கஞ்சி குடிச்சா. நானும் குடிச்சேன்."

"இந்தப் புஸ்தகத்தை என்ன பண்றது ஆன்ட்டி?" என்றேன்.

"அச்சுல தப்பு. அடுத்த தடவை வரும்போது எடுத்துட்டு வா, திருத்திடலாம்" என்றார். "கை கழுவிட்டுத் தொடு."